வீட்டுக்காரரின் ஜீவகாருண்யம்

வீட்டுக்காரர் ஆபத்சகாயம் மாடியில் இருந்தார். கரப்பான்பூச்சிகளோ கீழே, செண்பகவல்லி குடியிருந்த போர்ஷனில் இருந்தன. மருந்தடிக்கலாமா என்று அவள் கேட்டதும் மனிதர் பதறிவிட்டார்.

“என் வீட்ல உயிர்க்கொலையா? கூடவே கூடாதும்மா! ஆனா அடுத்த தடவை நான் வரும்போது ஒரு பூச்சி கண்ணுல பட்டாலும் நீ வீட்டைக் காலி பண்ணிடணும்.”

செண்பகவல்லி கீழே போய் மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். அகப்பட்டதையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் பிடித்துப் போட்டுக்கொண்டு மாடியேறினாள்.

“சார், இதுங்களும் சுத்த சைவம்தான். உங்க நிழல்ல பிழைச்சுப் போகட்டும்” என்று அவர் காலடியில் டப்பாவைத் திறந்தாள்.

ஒன்று வேட்டிக்குள் ஏறியது. ஆபத்சகாயம் அலறிக் குதித்து, வாசலில் கிடந்த செருப்பை எடுத்துப் பட்பட்டென்று எல்லாவற்றையும் அடித்துத் தீர்த்தார்.

அவர் மூச்சு வாங்க நின்றபோது அவள் பணிவாகச் சொன்னாள்: “செருப்போட அப்படியே கீழ வந்துடுங்க சார். மிச்சமெல்லாம் அங்கதான் இருக்கு.”