நான்காவது கால்

குருமார்களுக்கு எல்லாம் தெரியும் என்றொரு நம்பிக்கை நெடுங்காலமாக நிலவி வருகிறது. இது ஆபத்தான பிழை. உடனே திருத்தப்பட வேண்டியது. முகிலடி மடத்தின் குரு குழலம்மைக்கு நாய்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. குரைப்பது நாய், குரைக்காதது ஆடு என்ற அளவில் நிறுத்திக்கொண்டிருந்தார். குரைக்காத நாய்களும் உண்டென்று சீடர் விருத்தகிரி ஒருமுறை எடுத்துச் சொன்னபோது, "அப்படியா, பாவம்" என்றார்.

விருத்தகிரிக்குத்தான் எல்லாம் தெரியும். குருவைவிட வயதில் மூத்தவர். மடத்துக்கு வருமுன் ஒரு ஜமீனில் குதிரைகளுக்குச் சுழி பார்த்தவர். நெற்றியில் எந்த இடத்தில் மயிர் சுழித்தால் எசமானுக்கு ஆகாது, கழுத்தில் சுழித்தால் எசமானின் மைத்துனனுக்கு ஆகாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். குதிரையில் கற்றதை மாடு, பூனை, நாய் எனப் படிப்படியாக விரித்தும் வைத்திருந்தார். ஆகாதென்று அவர் ஒதுக்கிய குதிரைகள் பிறகு எங்கே போயின என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அது அவர் துறை அல்ல.

மார்கழி பிறந்தால் மடத்தை மூடுபனி விழுங்கிவிடும். மணி ஒலிக்கும், மணிக்கூண்டு இருக்காது. பாட்டு கேட்கும், பாடுகிறவர் எந்தப் பக்கம் என்று தெரியாது. மாடுகள் முன்பாதியோடு நடந்து வரும். பின்பாதி சற்றுப் பொறுத்து வந்து சேரும். மலையேறி வந்தவர்கள் பனி விலகும்வரை மடத்திலேயே தங்கிவிடுவார்கள். அவசரப்பட்டு இறங்கிய சிலர், தாங்கள் விரும்பியதைவிட வேகமாக அடிவாரம் சேர்ந்ததுண்டு.

அந்த மடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வந்தவரின் காலை வெந்நீரில் கழுவிய பிறகுதான் பெயரே கேட்கலாம். கழுவிய காலைத் திருப்பி அனுப்பக் கூடாது. கழுவுகிற வேலை விருத்தகிரியுடையது.

ஒரு மாலை, வாசல் பக்கம் யாரோ இருமினார்கள். விருத்தகிரி வெந்நீர்க் கெண்டியோடு போய்க் குந்தினார். வெண்மைக்குள்ளிருந்து இரண்டு பாதங்கள் வெளிவந்தன. வெடித்த குதிகால்கள். கழுவித் துடைத்தார்.

"இன்னும் ஓராள் இருக்கு சாமி" என்றது ஒரு பெண்குரல். "காலைக் குடு கண்ணு."

சின்னக் கால் ஒன்று அவர் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. குழந்தை போலிருக்கிறது என்று நினைத்தார். கம்பளி உறை மாட்டியிருந்தார்கள். உறையோடு கழுவலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அவருக்குத் தெரிந்த எந்த விதியும் தடுக்கவில்லை. வெந்நீரை ஊற்றினார். கால் சுகமாக, கனமாக, தூங்குகிற பிள்ளையின் கையைப் போலக் கிடந்தது. எவ்வளவு தூரம் நடந்ததோ என்று அவருக்கு மனம் இளகியது.

அடுத்த கால் வந்தது. கழுவினார்.

அதற்கும் அடுத்த கால் வந்தது. அதையும் கழுவித் துடைத்த பிறகுதான் விருத்தகிரிக்குச் சந்தேகம் தட்டியது.

பனியை விலக்கிக்கொண்டு ஒரு முகம் வந்தது. செம்மண் நிறம். மூக்கைச் சுற்றி மட்டும் கரி பூசினதுபோல் கறுப்பு. பின்னாலேயே முதுகும் வந்தது.

"கோம்பை நாய்!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். கெண்டி உருண்டது.

"ஆமா சாமி. பேரு மருதாணி. நான் சீரங்காயி, கம்பளி விக்கிறவ. நீங்கதான் கேக்கவே இல்லையே."

"கொலைகார இனம்மா இது! இதோட முதுகைப் பாரு. மயிர் தலையைப் பார்த்து எதிர்த்து வளருது. எதிர்மயிர் நாய் எசமானையே கடிக்கும்."

"எசமானா? அப்படி யாரும் எங்ககூட இல்லையே சாமி. நாங்க ரெண்டு பேருதான்."

விருத்தகிரி சுவரில் சாய்த்திருந்த வாசற்கம்பை எடுத்துக் கல்தரையில் ஓங்கி அடித்தார். முகம் பின்வாங்கிப் பனிக்குள் கரைந்தது.

சத்தம் கேட்டுக் குழலம்மை வந்தார். வந்தார் என்பது அவர் குரல் கேட்டபோதுதான் தெரிந்தது.

"யாரை அடிக்கிறீங்க?"

"தரையைத்தான் அம்மா. இந்தப் பொண்ணு தங்கட்டும். இவளோட நாய் இப்பவே வெளியே போகணும்."

"அது போனா நானும் போறேன்." சீரங்காயி கம்பளி மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தாள். "அது வாலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இந்த மலையே ஏறினேன். வாலைப் பிடிச்சே இறங்கிடறேன். விழுந்தா சேந்து விழறோம், உங்களுக்கென்ன?"

"இரும்மா" என்றார் குழலம்மை. பிறகு சீடரிடம், "கால் கழுவியாச்சா?"

விருத்தகிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணு கால் ஆச்சு. ஆனா தெரியாமக் கழுவினது. தெரியாமச் செஞ்சது உபசாரத்துல சேராது. அதனால இது விருந்தாளி இல்லை. அனுப்பலாம்."

"நாலாவது?"

"அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு."

குழலம்மை அதை மிகுந்த மரியாதையோடு யோசித்தார்.

"நீங்க சொல்றது நியாயம். தெரியாமக் கழுவின மூணையும் விட்டுடுவோம். மிச்சம் ஒண்ணு இருக்கே, அதைத் தெரிஞ்சே கழுவுங்க. கழுவின பிறகும் அனுப்பணும்னு உங்களுக்குத் தோணினா அனுப்பிடலாம்."

வேறு வெந்நீர் வந்தது. விருத்தகிரி கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு குந்தினார்.

"அது எதுக்கு?" என்றார் குழலம்மை.

"ஒரு பாதுகாப்புக்கு."

"ஒரு கையில கெண்டி. ஒரு கையில கால். பாதுகாப்பை எந்தக் கையில பிடிப்பீங்க?"

கம்பைக் கீழே வைத்தார். கையை நீட்டினார். எதுவும் வரவில்லை. எதிரே வெண்மை மட்டும் மெல்லச் சுருண்டுகொண்டிருந்தது. கொடுத்துவிட்டு வாங்க மறந்த பொருளுக்காகக் காத்திருப்பவரைப்போல அவர் கையேந்தியபடி இருந்தார்.

"காலைக் குடு கண்ணு" என்றாள் சீரங்காயி. அவள் குரல் தாழ்ந்திருந்தது. "கடைசியா ஒரு தடவை. குடு."

வெகுநேரம் கழித்து வந்தது. விரல்நுனியில் பட்டு, பின்னால் போய், மறுபடி வந்து உள்ளங்கையில் நின்றது. உட்காரவில்லை; நின்றது.

விருத்தகிரியின் கை நடுங்கியது. வயதில்லையா என்று முழங்கையைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டார். மூச்சைப் பிடித்தார். கை நின்றுவிட்டது. நடுக்கம் நிற்கவில்லை.

"அம்மா, கால் நடுங்குது."

"குளிரா இருக்கும்."

"வெந்நீர்தான் ஊத்துறேன்."

"அப்போ நாயோட சுபாவமா இருக்கும். எனக்கு நாயைப் பத்தி என்ன தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும்."

விருத்தகிரி குனிந்து பார்த்தார். நீர் நடுக்கத்தில் சிதறி அவர் விரல்களில் தெறித்தது.

"மத்த மூணு காலும் நடுங்கலையே" என்றார். "கொஞ்சம் முன்னாடிதான் கழுவினேன். அப்போ தூங்குற மாதிரி கையில கிடந்துச்சே."

குழலம்மை கீழே கிடந்த கம்பை எடுத்து எட்ட வைத்தார்.

"அப்போ அதுக்கு உங்க இனம் தெரியாது" என்றார்.

விருத்தகிரி அந்தக் காலைத் துடைத்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

தை பாதியில் பனி விலகியது. சீரங்காயியும் மருதாணியும் மலையிறங்கிய காலையில் வாசற்கம்பு வாசலில் இல்லை. கொல்லையில் நட்டிருந்தார்கள். அவரைக்கொடி அதில் ஏறிப் பூத்திருந்தது.