போனில் வந்த கைது

"அம்மா, என்னைக் கைது பண்ணிட்டாங்க."

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து தெய்வநாயகம் கிசுகிசுத்தார்.

கதவுக்கு வெளியே பொற்கொடி அம்மா மதியச் சமையலுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கதவிடுக்கு வழியாக அந்த நெடி உள்ளே வந்தது.

"யாரு பண்ணினது?"

"போலீஸ். வடக்கே இருந்தாம். வீடியோவுல வந்தாங்க."

"எப்போ?"

"காலையில ஏழரைக்கு. கேமரா முன்னாடியே உக்காந்திருக்கணுமாம். எழுந்திருக்கக் கூடாதாம். கதவைத் திறக்கக் கூடாதாம். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதாம்."

"இப்போ என்கிட்டப் பேசுறீங்களே?"

"ஒண்ணுக்குப் போக அஞ்சு நிமிஷம் அனுமதி வாங்கியிருக்கேன்மா."

அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு இன்னும் அவமானமாக இருந்திருக்கும்.

தெய்வநாயகத்துக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. மனைவி காலமான பிறகு, மகளும் கல்யாணமாகித் தூர தேசம் போன பிறகு, ஒரு பாறைக்கு அடியில் இருந்த இந்தச் சின்ன மடத்துக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். குருவாக அவர் ஏற்றுக்கொண்ட பொற்கொடி அம்மா அவரைவிடப் பதினோரு வயது இளையவர். முன்பு டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தத்துவமெல்லாம் அதிகம் பேச மாட்டார்.

அம்மாவிடம் போன் கிடையாது. மடத்துக்கென்று இருந்த ஒரே போன் தெய்வநாயகத்துடையது.

ஊரில் உள்ள அத்தனை விற்பனைக் குரல்களுக்கும் அந்த எண் எப்படியோ தெரிந்திருந்தது. லோன் வேண்டுமா, மனை வேண்டுமா, கார்டு வேண்டுமா, ராசிக்கல் வேண்டுமா என்று விடிந்தது முதல் அடிப்பார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் எழுந்து நின்று பேசுவார். "மன்னிக்கணும், இப்போதைக்கு வேண்டாங்க" என்பார். இப்போதைக்கு வேண்டாம் என்றால் அவர்கள் சும்மா விடுவார்களா? மறுநாள் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் பதினான்காவது அழைப்புக்குப் பிறகு அவர் நொந்துபோய் அம்மாவிடம் கேட்டார்.

"அம்மா, இவங்ககிட்ட வேண்டாம்னு எப்படித்தான் சொல்றது?"

"வாயால," என்றார் அம்மா.

அதற்கு மேல் அன்றைக்கு அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்றைக்கு வந்த அழைப்பு லோனும் இல்லை, மனையும் இல்லை. தொப்பி போட்ட ஓர் இன்ஸ்பெக்டர் திரையில் வந்து, உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, உள்ளே கூடாத சரக்கு இருக்கிறது என்றார்.

"பார்சல் அனுப்பினீங்களா?" என்று கேட்டார் அம்மா.

"இல்லைம்மா. மகளுக்கு மிளகாய்ப் பொடி அனுப்பினேன். அது போன வருஷம்."

"கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கு?"

தெய்வநாயகம் தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"உள்பக்கம்."

"கைது பண்ணினா வெளிப்பக்கம்ல பூட்டுவாங்க?"

அவருக்கு அது புரியாமல் இல்லை. முப்பது வருஷம் கோர்ட்டில் காகிதம் பார்த்த கண். இன்ஸ்பெக்டர் அனுப்பிய வாரன்டில் வழக்கு எண் கிடையாது. முத்திரை யாரோ வீட்டில் உட்கார்ந்து வரைந்தது. சட்டப் பிரிவு ஒன்று, குற்றம் வேறொன்று. பார்த்த முதல் நிமிஷமே இது பித்தலாட்டம் என்று தெரிந்துவிட்டது.

"எல்லாம் தெரியுதுமா. பொய்யின்னு தெரியுது."

"பிறகு ஏன் உக்காந்திருக்கீங்க?"

தெய்வநாயகம் கதவில் நெற்றியை வைத்தார்.

"இருபத்தொரு வருஷமா இப்படி ஒரு போன் வரும்னு பயந்துட்டே இருந்தேன்மா. 'உன்னைக் கைது பண்றோம்'னு அவர் சொன்னப்போ எதுக்குன்னுகூட நான் கேக்கலை. சரிங்கன்னுட்டேன்."

வெளியே வெங்காயம் உரிக்கும் சத்தம் நின்றது.

"அம்மா, நான் ஒரு தப்பு—"

"என்கிட்ட எதுக்கு? நான் என்ன போலீஸா?"

"அம்மா..."

"உள்ளே ஒருத்தர் தொப்பி போட்டுட்டு உக்காந்திருக்காரில்ல? அவர்கிட்ட சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, எனக்கும் கேக்கட்டும்."

"மிஸ்டர் தெய்வநாயகம்!" கட்டிலில் இருந்து போன் அதட்டியது. "அஞ்சு நிமிஷம் முடிஞ்சது. கேமரா முன்னாடி வாங்க!"

தெய்வநாயகம் போய் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தொப்பி காதுவரை இறங்கிக் கிடந்தது. பின்னால் ஒரு நீலத் திரை தொங்கியது.

"சார், நான் வாக்குமூலம் தரணும்."

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "வெரி குட். பார்சலை ஒத்துக்கிறீங்க?"

"பார்சல் என்னுது இல்லை. இது வேற. எழுதிக்கங்க."

"என்ன எழுதணும்?"

தெய்வநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருபத்தொரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு விபத்து கேஸ். லாரி மோதி ஒருத்தர் செத்துட்டார். ஓட்டினது லாரி முதலாளியோட மகன். ஆனா டிரைவர் இருளப்பனைக் கூண்டுல நிறுத்தினாங்க. ரோட்டோரம் கொய்யாப்பழம் வித்த ஒரு அம்மா எல்லாத்தையும் பார்த்தவங்க. கோர்ட்டுக்கு வந்து, 'ஓட்டினது இவரு இல்லை, ஒரு சின்னப் பையன்'னு தெளிவாச் சொன்னாங்க. நான்தான் டைப் அடிச்சேன். அந்த வரியை அடிக்கலை. 'யார் ஓட்டினார் என்று கவனிக்கவில்லை'ன்னு அடிச்சேன்."

"மிஸ்டர், இது என்ன கதை?"

"இன்னும் முடியலை, எழுதுங்க. அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வச்சுட்டாங்க. நீதிபதி அவசரத்துல கையெழுத்துப் போட்டார். அடுத்த மாசமே அவருக்கு மாற்றல். புதுசா வந்தவர் என் காகிதத்தை வச்சுத்தான் தீர்ப்பு எழுதினார். இருளப்பனுக்கு ரெண்டு வருஷம் ஜெயில்."

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லை. பார்சல் பத்தி மட்டும்—"

"ஏன் அப்படி அடிச்சேன்னு கேளுங்க சார்! அதுக்கு முந்தின நாள் அந்த முதலாளி எனக்குப் போன் பண்ணினார். 'உன் மக எந்தத் தெரு வழியா ஸ்கூலுக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியும்'னார். அவ்வளவுதான் சொன்னார். போனை வச்சுட்டார். நான் பயந்துட்டேன். இன்னிக்கு உங்களுக்குப் பயந்த மாதிரியே பயந்துட்டேன்."

கடைசி வார்த்தை வாயிலிருந்து வந்தபோது, அவருக்கே தெரியாமல் அவர் எழுந்து நின்றிருந்தார்.

"உக்காருங்க!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"மாட்டேன். நீங்க முதல்ல எழுதுங்க."

"சார், இங்க பாருங்க," இன்ஸ்பெக்டரின் குரல் திடீரென்று இளகிவிட்டது. "ஒரு தொகையை டெபாசிட் பண்ணிடுங்க. எல்லாத்தையும் நான் முடிச்சுக் குடுத்துடறேன்."

"எதை முடிப்பீங்க? இருளப்பன் உள்ளே கிடந்த ரெண்டு வருஷத்தையா?"

"யார் சார் அந்த இருளப்பன்?"

தெய்வநாயகத்துக்கு வந்ததே கோபம்! இருபத்தொரு வருஷமாக வராத கோபம்.

"இப்பதானே சொன்னேன்! காலையில ஏழரையிலிருந்து என்னை உக்கார வச்சிருக்கே, தண்ணி குடிக்கக்கூட உன்னைக் கேக்கணும்ங்கிறே, நான் செஞ்ச தப்பு என்னன்னு கேக்க உனக்கு அஞ்சு நிமிஷம் இல்லையா? தொப்பியை நேரா போடு! பேனாவை எடு!"

திரை இருண்டது. அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது.

தெய்வநாயகம் உடனே அந்த எண்ணுக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். நாலாவது முறை அடித்தபோது மணியே போகவில்லை. இன்ஸ்பெக்டரின் படமும் காணாமல் போயிருந்தது.

அவர் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தார்.

"அம்மா, அவர் என்னை பிளாக் பண்ணிட்டார்."

இப்போது அம்மா சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தெய்வநாயகமும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு நடுவில் அழுகை வந்துவிட்டது.

அழுது முடியும்வரை அம்மா மிச்ச வெங்காயத்தை உரித்தார். பிறகு கேட்டார்.

"இருளப்பன் இருக்காரா?"

"இருக்கார். டவுன்ல, கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவுல பஞ்சர் கடை வச்சிருக்கார்."

"போன் நம்பர்?"

தெய்வநாயகம் பத்து எண்ணையும் மூச்சு விடாமல் சொன்னார். கடைப் பலகையில் எழுதியிருந்ததுதான். ரிட்டயர் ஆகும்வரை தினமும் பஸ்ஸில் அந்தக் கடையைக் கடந்து போயிருக்கிறார். ஒரு தடவையாவது அடித்ததில்லை.

அம்மா போனைப் பார்த்தார். தெய்வநாயகம் அடித்தார்.

"ஐயா, வணக்கம். உங்ககிட்ட ஒரு ரெண்டு நிமிஷம்—"

"லோனெல்லாம் வேண்டாம்யா." கட்.

மறுபடி அடித்தார்.

"ஐயா, நான் லோன் இல்லை—"

"மனையும் வேண்டாம். வேலை நேரத்துல உசிரை வாங்காதே. வைய்யி போனை!" கட்.

மூன்றாவது தடவை எடுத்தவுடனேயே கெட்ட வார்த்தை ஒன்று வந்து விழுந்தது. அது அம்மாவுக்கும் கேட்டது.

"நல்லா வேண்டாம்னு சொல்றார்," என்றார் அம்மா.

"இப்போ நான் என்னம்மா செய்யறது?"

அம்மா வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கால் இருக்கில்ல?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்வார் என்று தெய்வநாயகம் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே தாளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. தெரியாத எண்.

"சார், உங்க பேர்ல ஒரு பெர்சனல் லோன் ரெடியா இருக்கு. ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"வேண்டாம்."

"சார், இப்போதைக்கு இல்லைன்னா அடுத்த வாரம்—"

"அடுத்த வாரமும் வேண்டாம். எப்பவும் வேண்டாம். என் நம்பரை எடுத்துடும்மா."

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். தெய்வநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

டவுனில் இறங்கினார். திரும்பிப் போக ஒரு பஸ் தயாராக நின்றது. அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு நடந்தார்.

கடையில் இருளப்பன் ஒரு லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மீசை முழுக்க நரைத்திருந்தது. நிமிராமலேயே கேட்டார்.

"என்ன வண்டி?"

"வண்டி இல்லைங்க. என் பேர் தெய்வநாயகம். கோர்ட்டுல டைப்பிஸ்ட்டா—"

"தெரியும்."

"உங்க கேஸ்ல அந்தப் பழக்காரம்மா சொன்னதை நான்—"

"அதுவும் தெரியும்." இருளப்பன் இப்போதுதான் நிமிர்ந்தார். "கூண்டுல நின்னவன் நானில்ல? அந்தம்மா சொன்னது என் காதுல விழுந்துச்சு. நீங்க அடிச்ச சத்தமும் விழுந்துச்சு. தீர்ப்புலதான் அது இல்லை."

தெய்வநாயகம் கை கூப்பினார். மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

இருளப்பன் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சதை எதுக்கு எனக்கே வந்து சொல்றீங்க?"

கையில் இருந்த கடப்பாரையால் தெருக்கோடியைக் காட்டினார்.

"மணி மூணுதான் ஆகுது. கோர்ட்டு அஞ்சே முக்கால் வரைக்கும் திறந்திருக்கும்."