திமிருக்கு ஒரு சொல்

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். அமெரிக்காவில் மேற்படிப்புக்காக நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்கள் அங்கே ஆங்கிலச் சொற்களோடு மல்லுக்கட்டுவார்கள். சீடர் ஆவுடையப்பனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் விரிவுரையாளர். குரு ஜெபராணிக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. குருவென்றால் தலை நரைத்திருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஆவுடையப்பன் ஏற்கெனவே இரண்டு முறை தேர்வெழுதியவர். இரண்டு முறையும் கணக்கில் வெளுத்து வாங்கினார், ஆங்கிலத்தில் மண்ணைக் கவ்வினார். கல்லூரி இந்த வருஷம்தான் படிப்பு விடுப்பு தர ஒப்புக்கொண்டிருந்தது. இந்த முறையும் கோட்டைவிட்டால் ஆராய்ச்சிப் படிப்பு என்ற பேச்சையே மறந்துவிட வேண்டியதுதான். அந்தப் பயத்தில் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஒரு நாள் வகுப்பு கலைந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"மேடம், நீங்க கொடுத்த வார்த்தை அத்தனையும் முடிச்சிட்டேன். எதைக் கேட்டாலும் சொல்லுவேன்."

குரு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டுப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பெறகு ஏன் மேடம் மார்க் வர மாட்டேங்கு? இன்னும் கஷ்டமான வார்த்தையா கொடுங்க."

குரு பலகையில் ஓர் ஆங்கில வாக்கியத்தை எழுதினார். தமிழில் சொன்னால்: 'அலுவலகத்தில் எல்லோரும் அவருடைய மௌனத்தைத் திமிர் என்று நினைத்தார்கள்; உண்மையில் அவர் ______, அவ்வளவுதான்.' கோடிட்ட இடத்தை நிரப்ப, அதற்குக் கீழே சில சொற்களை எழுதினார். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குரு திரும்புவதற்குள் சீடர் சொல்லிவிட்டார்.

"சூப்பர்சிலியஸ்!"

"அர்த்தம்?"

"திமிர் பிடிச்சவன். அடுத்தவங்களை எளக்காரமாப் பாக்கிறவன்."

"அர்த்தம் சரி. விடை தப்பு."

ஆவுடையப்பனின் முகம் சுருங்கிப்போனது. குரு மேஜையில் கிடந்த அட்டையை எடுத்து, எழுதிய சொற்களை மறைத்துப் பிடித்தார்.

"இப்பச் சொல்லுங்க."

"ஆப்ஷன் இல்லாம எப்படி மேடம்?"

"தமிழ்லயே சொல்லுங்க. அந்த ஆளு ஏன் பேசாம இருக்காரு?"

சீடர் அந்த வாக்கியத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தார்.

"பாவம், கூச்ச சுபாவம் போல. நாலு பேரு இருந்தா பேச்சே வராது. எங்க டிபார்ட்மென்ட்லயும் அப்படி ஒருத்தர் உண்டு."

குரு அட்டையை விலக்கினார். ஓரமாக நின்றுகொண்டிருந்தது 'ஷை'. கூச்சத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

சீடர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

"இதை நான் பாக்கவே இல்ல மேடம்."

"பாத்தீங்க சார். மதிக்கல."

ஆவுடையப்பன் பிறகு மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"அந்த சூப்பர்சிலியஸ் இருக்கே, மண்டையில ஏறவே மாட்டேன்னு அடம்பிடிச்சுது. கண்ணாடியில ஒட்டிவெச்சு, ஷேவ் பண்ணும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். வீட்டுல மவ கேலி பண்ணுனா. அப்படிப் படிச்ச வார்த்தை பரீட்சையில கண்ணு முன்னால வந்து நிக்கும்போது, விட்டுட்டுப் போக எப்படி மேடம் மனசு வரும்? வேண்டாம்னு தள்ளுறதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்?"

குரு பலகையை அழித்துக்கொண்டே சொன்னார்.

"ஆமா சார். அதைப் படிக்காதவங்களால தள்ள முடியாதுல்லா?"