காவு கேட்காத இயந்திரம்

கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் ஒரு பிரஸ் மெஷின் இருந்தது. இரும்புத் தகட்டை அடியில் வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலே இருக்கும் கனத்த அச்சு இறங்கி வாளிக்கு வேண்டிய வளையத்தை வெட்டிப் போடும். மிதித்தால் இறங்கும், வெட்டியதும் ஏறும். அடியில் இருப்பது தகடா, விரலா என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது.

அந்தக் குறைக்காகத்தான், அதைச் செய்தவர்கள் முன்பக்கம் ஒரு கம்பிக் கூண்டை மாட்டி அனுப்பியிருந்தார்கள். கூண்டுக்குள் தகடு நுழையும், கை நுழையாது. முதலாளி நாச்சிமுத்து வாங்கிவந்த வாரமே அதைக் கழற்றி மூலையில் எறிந்தார். கூண்டு இருந்தால் வேலை சுணங்குகிறதாம்.

ஒருநாள் அந்த மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த குழந்தைவேலின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

அவர் போட்ட அலறலில் பிரஸ்ஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த ரத்தத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட அதற்குக் கை இல்லை. குழந்தைவேலை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு நாச்சிமுத்து வந்து நின்றார். ரத்தத்தைப் பார்த்தார். கூண்டு மாட்டியிருந்த இடத்தில் நாலு ஓட்டைகள் காலியாகக் கிடந்ததை மட்டும் பார்க்கவில்லை.

"மெஷினு காவு கேக்குது" என்றார். "வெள்ளிக்கெழமை ஒரு சேவலை அறுத்துட்டாச் செரியாப் போயிரும்."

'அடப்பாவி, நான் கேட்டனா?' என்று பிரஸ் குமுறியது. இரும்பு குமுறினால் யார் காதில் விழும்?

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு செஞ்சேவல் வந்து சேர்ந்தது. கட்டை அவிழ்த்ததும் கொட்டகை முழுக்க ஓடி எல்லோரையும் திணறடித்தது. நாச்சிமுத்து சுற்றும்முற்றும் பார்த்தார். மூலையில் கிடந்த கூண்டை இழுத்துவந்து சேவலின்மேல் கவிழ்த்து, மேலே ஒரு இரும்புக் கட்டையைத் தூக்கி வைத்தார்.

சேவல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தது. "ஏப்பா, நீதான் என்ற ரத்தத்தைக் கேட்டியாமா?"

"நான் எண்ணெய் கேட்டேன். அச்சைப் பிடிச்சு நிறுத்தற பிரேக் தேஞ்சுபோச்சு, மாத்துன்னு கிறீச்சுக் கிறீச்சுன்னு கத்துனேன். ரத்தத்தை என்னைக்குக் கேட்டேன்?" என்றது பிரஸ்.

"அப்பறம் நான் எதுக்குச் சாகோணும்?"

கூண்டுதான் பதில் சொன்னது. அதன் குரலில் வெட்கம் இருந்தது. "என்னை அந்த எடத்துல மாட்டாததுக்கு, சேவலே. நாலு போல்ட்டு முறுக்கறதை விட உன்ற கழுத்தை முறுக்கறது அவருக்குச் சுளுவா இருக்குது."

அப்போது கொட்டகை நாய் மோப்பம் பிடித்து வந்தது. கூண்டைச் சுற்றிச்சுற்றி வந்து பிறாண்டியது. மூக்கை நுழைத்துப் பார்த்தது, பல்லால் கடித்து இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே சேவல் சிறகை உதறிக்கொண்டு ஹாயாக நின்றது.

"நாயோட மூக்கையே உள்ள விடல. குழந்தைவேலோட வெரலை விட்டிருப்பனா?" என்று கூண்டு தேம்பியது.

நாச்சிமுத்துவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குனிந்து கூண்டைத் தட்டிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! நாய் வாயே நுழைய மாட்டீங்குது. நல்ல கெட்டியான கூண்டு" என்றார்.

பிரஸ்ஸுக்கு உயிர் வந்தது. இப்போது புரிந்துவிடும், புரியாமல் எங்கே போகும், மனிதர்தானே என்று நினைத்தது. அவர் கூண்டைத் தூக்கினார். சேவலைக் காலைப் பிடித்து எடுத்தார். பிறகு கூண்டைக் காலாலேயே மூலைக்குத் தள்ளிவிட்டார்.

சேவல் அறுபட்டது. ரத்தத்தைப் பிரஸ்ஸின் நெற்றியில் பூசி, எலுமிச்சம்பழம் நசுக்கி, குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள். பண்ணிய பாவத்தைத் தன் முகத்திலேயே பூசிவிட்டுப் போகிறார்களே என்று பிரஸ்ஸுக்கு வயிறு எரிந்தது. தேய்ந்த பிரேக் தேய்ந்தபடியே இருந்தது.

மத்தியானம், குழந்தைவேலின் இடத்துக்குக் கலாமணி என்ற பெண் வேலைக்கு வந்தாள். இந்த மாதிரி மெஷினை அவள் அதற்குமுன் தொட்டதே இல்லை. எப்படி ஓட்டுவது என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவும் அங்கே யாரும் இல்லை.

"பயப்படாத கண்ணு, காவு குடுத்தாச்சு. இனி நீ சூதானமாச் செஞ்சாப் போதும்" என்றார் நாச்சிமுத்து.

கேட்டீர்களா நியாயத்தை! காவல் வைக்க வேண்டியவர் அவர். சூதானமாக இருக்க வேண்டியவள் அவளாம்.

கலாமணி முக்காலியில் உட்கார்ந்து தகட்டை எடுத்தாள். உள்ளே வைக்கக் கையை நீட்டியவள் சற்று நிறுத்தினாள். கண்ணுக்கு நேராக அந்த நாலு ஓட்டைகள். மூலையில் இறகு ஒட்டிய கூண்டு, அதன் ஓரத்திலும் நாலு ஓட்டைகள்.

"ஏனுங்க மொதலாளி, அந்தக் கூண்டு இந்த மெஷினோடதுங்களா?"

மூலையில் கூண்டு நிமிர்ந்தது. 'ஆமான்னு சொல்லு, ஒரே ஒருக்கா ஆமான்னு சொல்லு' என்று பிரஸ் கெஞ்சியது.

நாச்சிமுத்து சிரித்தார்.

"அதா? அது கோழி கவுக்கற கூண்டு கண்ணு. நீ மிதி."