தாழைக்கோழிக் குளத்து விருந்தாளிகள்

மலையடிவாரத்தில் கோரைப்புல் சூழ்ந்த சின்னக் குளம் ஒன்று இருந்தது. அதில் செம்மூக்கி என்ற தாழைக்கோழி குடியிருந்தாள். உடம்பெல்லாம் கறுப்பு, மூக்கு மட்டும் நல்ல சிவப்பு. அந்த வருஷம் அவள் மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தாள். அவளுடைய துணையைப் பாம்பு கொண்டுபோய்விட்டது. ஒற்றை ஆளாக அவள் மூன்று வயிற்றையும் நிரப்ப வேண்டும்.

வயிற்றை நிரப்பினால் மட்டும் போதாது. கோடை வருவதற்குள் குஞ்சுகளுக்கு இரண்டு வேலை பழக்கிவிட வேண்டும். பாசிக்குள் தானே இரை தேடுவது ஒன்று. கரையில் எது அசைந்தாலும் சட்டென்று தண்ணீருக்குள் முங்கி, மூக்கு நுனியை மட்டும் நீட்டிக்கொண்டு மூச்சுக்காட்டாமல் கிடப்பது இன்னொன்று. இவை தெரியாத தாழைக்கோழி கோடையைத் தாண்டியதில்லை.

செம்மூக்கி பாடத்தைத் தொடங்கியிருந்த வேளையில்தான் குரங்குகள் வந்தன.

மலைக்கு அந்தப் பக்கம் மேலைக்காடு. அங்கே கருங்குரங்குகளுக்குப் பழத்துக்குப் பஞ்சமே கிடையாது. வயதுக்கு வந்த குரங்கு ஒவ்வொன்றும் ஒரு மரத்தில் ஏறி உட்கார்ந்து கூட்டத்துக்குக் காவல் பார்க்க வேண்டும். ஆயுசு முழுக்க அதே மரம், அதே கிளை. அதனால் காவலுக்கு ஏறுமுன் ஒரு வருஷம் ஊர் சுற்றிவிட்டு வருவது கொஞ்ச காலமாக அங்கே வழக்கமாகியிருந்தது. தேக்கிலையில் மூட்டை கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எதற்குப் போகிறாய் என்று கேட்டால், "என்னை நானே தேடிப் போறேன்" என்பார்கள். எப்போது தொலைந்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. போகாதவர்களுக்கு மட்டும் வேர்விட்டவன் என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்து உயிரை எடுத்துவிடுவார்கள்.

அப்படிக் கிளம்பிய வாலழகன் என்ற இளங்குரங்கு ஒரு காலை நேரத்தில் குளத்தங்கரையில் வந்து மூட்டையை இறக்கினான். மூன்று குஞ்சுகளையும் பார்த்தான். உருகிவிட்டான். அன்றே அத்திப்பழத்தைப் பிசைந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். குஞ்சுகள் முதலில் பயந்தன. பிறகு ஒன்று வந்தது. அப்புறம் மூன்றும் வந்தன.

செம்மூக்கிக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. ஆனால் பல நாளாகச் சரியாகத் தூங்காத உடம்பு அவளுடையது. யாரோ ஒருவன் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறான், தலையைத் தடவிக் கொடுக்கிறான், தோளில் ஏற்றிக்கொண்டு கரையெல்லாம் சுற்றிக் காட்டுகிறான். அவள் கோரைக்குள் போய்க் கண்ணை மூடினாள். துணை போன பிறகு அன்றுதான் அவள் அசந்து தூங்கினாள். பாடத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

நாளை என்பது தள்ளித் தள்ளிப் போனது. ஒருநாள் அவள் வாய்விட்டே கேட்டாள்.

"தம்பி, நீ போயிட்டா இதுங்க என்ன பண்ணும்?"

"நான் போனா என்னக்கா? எனக்குப் பின்னாடி எத்தனை பேர் வர்றாங்க தெரியுமா? அவங்க பாத்துக்குவாங்க."

அவன் சொன்னது பொய்யில்லை. அவன் அடுத்த குளம் பார்க்கக் கிளம்பியபோது இருவர் வந்தார்கள். வழியில் அவனைச் சந்தித்தவர்கள். அவர்கள் போனபோது நால்வர் வந்தார்கள். ஒவ்வொருவரும் குஞ்சுகளுக்குப் புதிதாகப் பெயர் வைத்தார்கள். கிளம்பும்போது கட்டிப்பிடித்து அழுதார்கள். குஞ்சுகளும் முதலில் அழுதன. போகப் போக அழுவதை விட்டுவிட்டன. ஒரு கை போனால் இன்னொரு கை வரும் என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. கரையில் உரோமமும் வாலுமாக எது தலைகாட்டினாலும் மூன்றும் வாயைத் திறந்துகொண்டு ஓடின.

செம்மூக்கி பாசியைக் கிளறி நத்தை எடுத்துக் கொடுத்தாள். அதைத் துப்பிவிட்டன. தண்ணீருக்குள் முங்கிக் காட்டினாள். வேடிக்கை பார்த்தன. அதற்குள் உடம்பு அவளில் பாதியளவு வளர்ந்துவிட்டது. புத்தி மட்டும் பொரித்த அன்று இருந்த இடத்திலேயே நின்றது.

வெயில் ஏறியது. குளம் சுருங்கியது. தண்ணீரில் நாற்றம் எழுந்தது. கடைசியாக வந்திருந்த குரங்குகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டையைக் கட்டின. ஊர் சுற்றும் வருஷமும் முடிந்துவிட்டது, அவரவர் மரம் காத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

குஞ்சுகள் கரையில் போய் நின்றன. காலையில் நின்றன, மாலையிலும் நின்றன. செம்மூக்கி கெஞ்சினாள், கொத்தினாள், அழுதாள். மெலிந்து வந்த மூன்றையும் இழுத்து இழுத்துக் கோரைக்குள் விட்டாள். அவள் திரும்புவதற்குள் அவை கரைக்கு வந்துவிடும்.

ஒரு மத்தியானம் எதிர்ப் புதர் அசைந்தது. செம்மூக்கி அபாயக் குரல் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் முங்கினாள். அது அவள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். முங்கிய பிறகுதான் தன் பக்கத்தில் யாருமே முங்கவில்லை என்று அவளுக்கு உறைத்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

புதருக்குள்ளிருந்து காட்டுப்பூனை வந்துகொண்டிருந்தது. உரோமம், வால் எல்லாம் இருந்தன. மூன்று குஞ்சுகளும் வாயைத் திறந்துகொண்டு அதை நோக்கி ஓடின.

பூனையே ஒரு கணம் திகைத்து நின்றது. இரை தன்னைத் தேடி ஓடி வந்து அது கண்டதில்லை. செம்மூக்கி சிறகை அடித்துக்கொண்டு கரைக்குப் பாய்ந்தாள். பூனையின் முகத்தில் கொத்தினாள். அது ஒரு அறை விட்டது. அவள் சேற்றில் போய் விழுந்தாள். எழுந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசிக் குஞ்சு பூனையின் வாயில் தொங்கும்போதும் அதன் அலகு திறந்தபடியே இருந்தது. பெற்றவள் பார்க்கக் கூடாத காட்சி அது. அவள் பார்த்தாள்.

மழை வந்தது. குளம் நிறைந்தது. செம்மூக்கி கூடு கட்டவில்லை.

தண்ணீர் தெளிந்த பிறகு முதுகில் மூட்டையோடு ஐந்தாறு இளங்குரங்குகள் வந்து இறங்கின. செவந்தி என்ற பெண்குரங்கு முன்னால் வந்து மிகவும் மரியாதையாகப் பேசினாள். மேலைக்காட்டில் வாலழகன் இப்போது காவல் மரத்தில் உட்கார்ந்திருக்கிறானாம். சுற்றிலும் சின்னவர்கள் கூட்டமாம். அவன் வளர்த்த மூன்று குஞ்சுகளைப் பற்றி மணிக்கணக்காகச் சொல்கிறானாம். அவன் சொல்லும் கதையில் குஞ்சுகள் இன்னும் உயிரோடு இருந்தன. அவை எங்கே, தாங்களும் ஊட்டலாமா என்று கேட்டாள் செவந்தி.

செம்மூக்கி ஒன்றையும் மறைக்கவில்லை. தான் தூங்கியதைச் சொன்னாள். பிள்ளைகள் ஓடியதைச் சொன்னாள். திறந்த அலகைச் சொன்னாள். குரங்குகள் தேம்பித் தேம்பி அழுதன. செவந்தி அவளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் அழுதாள். அந்த அழுகையில் கள்ளம் இல்லை. அதுதான் செம்மூக்கிக்குத் தாங்கவில்லை.

பிறகு செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்தில் வேறு குளம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். கிழக்கே ஒன்று இருப்பதாகவும், அங்கே முக்குளிப்பான் ஒருத்தி குஞ்சு பொரித்திருப்பதாகவும் வழியில் கேள்விப்பட்டிருந்தார்களாம்.

செம்மூக்கி ஓடிப்போய் அவள் எதிரே நின்றாள்.

"அங்க போகாதீங்கம்மா. போனாலும் தூர நின்னு பாத்துட்டு வந்துடுங்க. ஊட்ட மட்டும் ஊட்டாதீங்க. உங்க கால்ல விழறேன்."

"ஐயோ அக்கா, பயப்படாதீங்க. அது போன வருஷம் வந்தவங்க பண்ண தப்பு. நாங்க அப்படி இல்ல."

இதைச் சொல்லும்போது செவந்தி அவள் தலையை ஆதரவாகத் தடவிக் கொடுத்தாள். உடன் வந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவரை ஒருவர் அணைத்துத் தேற்றிக்கொண்டார்கள். மூட்டைகளை முதுகில் மாட்டிக்கொண்டு கிழக்கே நடந்தார்கள். அன்று பூனையிடம் அடிபட்ட சிறகோடு செம்மூக்கியால் பறந்துபோய் முந்திக்கொள்ள முடியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். போகிற வழியில் அத்திமரம் ஒன்று காய்த்துக் குலுங்கியது. அவர்கள் நின்று பழம் பறித்துக்கொண்டார்கள்.

கிளம்பும் நாளைக் குறித்துக்கொண்டு வந்து காட்டும் அன்பு, அதை நம்பி வாழ்கிறவர்களுக்குப் பட்டினியைவிடப் பெரிய கேடு.