மணிச்சத்து போட்ட மைதானம்

எங்கள் ஊர் கால்பந்து மைதானத்தில் புல் என்று சொல்லத்தக்க பொருள் கோல் கம்பத்துக்குப் பின்னால் மட்டும்தான் இருக்கிறது. அங்கே யாரும் ஓடுவதில்லை. மற்ற இடமெல்லாம் செம்மண்ணும் சரளையும். எங்கள் கோல்கீப்பர் மைதீனின் முழங்காலில் தோல் இருந்து நான் பார்த்ததே இல்லை. இந்த லட்சணத்தில் மாவட்ட இறுதி ஆட்டத்தை எங்கள் ஊருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரே நிபந்தனை, தரை பச்சையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆட்டம் பக்கத்து ஊருக்குப் போய்விடும். அப்படிப் போனால் நாங்கள் அந்த ஊர் வழியாகப் போகிற பஸ்ஸில்கூடத் தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

எங்கள் கால்பந்து கமிட்டியில் இரண்டு கட்சி. ஒரு கட்சி டர்ஃப் போட்டுவிடலாம் என்றது. டர்ஃப் என்றால் எங்கள் பக்கம் பிளாஸ்டிக் புல் விரிப்பு என்று அர்த்தம். செக்ரட்டரியான எனக்கு அந்தப் பேச்சே வேப்பங்காய். நிஜப் புல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். எனக்குத் துணையாக நான் கூட்டிவந்த ஆள்தான் தோத்திரம் அண்ணாச்சி. புல் வளர்ப்பதில் புலி என்று யாரோ என்னிடம் சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். அவரேதான் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பயிற்சி முடிந்து எல்லாரும் வாகை மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குள் புல்லா பிளாஸ்டிக்கா என்று முடிவு சொல்லியாக வேண்டும். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பணுமா அண்ணாச்சி என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினார். இந்த நாக்கு இருக்கும்போது லேப் எதற்கு என்றார். ஒரு ஊரில் இப்படி ருசி பார்த்துவிட்டு, மண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு உப்பு எவ்வளவு என்பதோடு, போன வருஷம் பெனால்டியைக் கோட்டைவிட்டவன் எந்த இடத்தில் நின்று அழுதான் என்பதையும் சொன்னாராம். கண்ணீர் உப்பு தனியாகக் கரிக்குமாம். மைதீன் தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் மரத்தைப் பார்த்தேன்.

“புல்லுக்கு வேண்டியது மூணு சத்து, தம்பி. தழைச்சத்து எலைக்கு, மணிச்சத்து வேருக்கு, சாம்பல்சத்து வலுவுக்கு. அளவு முக்கியம். எனக்குக் கை கொஞ்சம் தாராளம், அதான் ஒரே கொறை” என்றார்.

இதுவரைக்கும் சரியான பேச்சு. எனக்கு உயிர் வந்தது. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

ஒரு பெரிய மைதானத்தை அவர் கையில் ஒப்படைத்தார்களாம். முதலில் தழைச்சத்துக்கு யூரியா வீசினாராம். வீசிய கையைத் தட்டி முடிப்பதற்குள் புல் இடுப்புக்கு வந்துவிட்டது. வெட்டுகிற மெஷின் முன்னால் போகப் போக, பின்னாலேயே புல் எழுந்து நின்றது. மெஷின்காரன் உள்ளே வழி தவறிவிட்டான். அவன் பெஞ்சாதி மைதானத்து ஓரத்தில் நின்று தூக்குவாளியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் சோற்று வாசனையைப் பிடித்து வெளியே வந்தானாம். ஆட்டத்தை மட்டும் அண்ணாச்சி நிறுத்த விடவில்லை. பந்து புல் நுனியில் மிதந்தது, ஆட்டக்காரர்கள் அடியில் ஓடினார்கள், ரெஃப்ரி தென்னை மரத்தில் ஏறி விசில் ஊதினார்.

மேலே இருந்து ஆஃப்சைடு எப்படித் தெரிந்தது என்று மைதீன் கேட்டான். புல் ஆடுவதை வைத்துத்தான் என்றார் அண்ணாச்சி, இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

இலை மட்டும் வளர்ந்தால் போதுமா, வேர் வேண்டாமா என்று அடுத்து மணிச்சத்து. வேர் இறங்கு இறங்கென்று இறங்கி, அடுத்த ஊர்க் கிணற்றில் போய் எட்டிப் பார்த்தது. அங்கே வாளியை இழுத்தால் இங்கே கோல் கம்பம் ஆடியதாம். அதுவாவது போகட்டும். காற்றடித்த உடனே புல் நுனியெல்லாம் கணீர் கணீரென்று மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் பீரியடிலேயே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சர்ச்சில் மணி அடிக்கிற கோயில்குட்டி, தான் இன்னும் கயிற்றையே தொடவில்லையே என்று ஓடிவந்து அழுதானாம்.

எனக்குத் தாங்கவில்லை. கூட்டிவந்தவன் நான், மானம் போவது என்னுடையது.

“அண்ணாச்சி, மணிச்சத்துன்னா நெல்மணி, சோளமணி பிடிக்கிறதுக்கு உள்ள சத்து. கோயில் மணி இல்ல.”

“அது உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மண்ணுக்கு யாரு சொன்னா?”

அவர் உற்சாகமாகிவிட்டார்.

ஆடிய புல்லை அடக்க சாம்பல்சத்து போட்டாராம். புல் அப்படி இறுகியது. மேய வந்த எருமை ஒரு கடி கடித்துவிட்டுப் பல் டாக்டரிடம் போய் வரிசையில் நின்றது. கோல்கீப்பர் பாய்ந்து விழுந்தால் தரையே அவனைத் தூக்கி நிறுத்தும். ஒருத்தன் கொஞ்சம் வேகமாக விழுந்து, எகிறிப்போய்க் கம்பத்து மேலேயே உட்கார்ந்துவிட்டான். மிச்ச ஆட்டம் முழுக்க அங்கிருந்தே காலால் தடுத்தானாம். மைதீன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டான். பிறகு நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறதே என்று இரும்புச்சத்து தெளித்தாராம். பச்சை வந்தது, கூடவே பழைய இரும்பு வாங்குகிறவன் தராசோடு வந்து மைதானத்தை எடைக்குக் கேட்டான்.

“பொய்யின்னா போய்ப் பாத்துக்கிடுங்க. இன்னைக்கும் சித்திரை வெயில்ல அதுல ஒரு புல்லு மஞ்சளாவாது. தண்ணி கேக்காது. ஆடு மாடு வாய் வைக்காது. எல்லாம் நான் போட்ட சத்து.”

அது எங்கே இருக்கிறது என்று மைதீன் கேட்டான். பைபாஸில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால், சுற்றிலும் வலை கட்டி லைட் போட்டிருக்குமே, அதுதான் என்றார் அண்ணாச்சி.

“அங்கதான் அண்ணாச்சி நாங்க வாடகைக்கு எடுத்து ஆடுதோம். அது டர்ஃப்பு. பிளாஸ்டிக்கு.”

என் கட்சி தோற்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அழுகை வராத குறை. அண்ணாச்சி மட்டும் அசையவில்லை.

“விரிக்கும்போது பிளாஸ்டிக்குதாம்லே. நான் சத்து போட்ட பொறவுதான் வளர ஆரம்பிச்சுது. அது பிளாஸ்டிக்குன்னு அந்தப் புல்லுக்கு யாரு சொன்னா?”

மைதீன் எழுந்து வந்து காலை அவர் முன்னால் நீட்டினான். “அப்பம் முதல்ல இதுல கொஞ்சம் போடும். தோலு வளருதான்னு பாப்போம்.”

அண்ணாச்சி குனிந்து முழங்காலை இப்படியும் அப்படியும் பார்த்தார். “போடலாம். ஆனா வாரம் ஒருக்கா மெஷின் விட்டு வெட்டணும். சம்மதமா?”

மைதீன் காலை இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். “பிளாஸ்டிக்கே போட்டுருவோம்ணே.”

கமிட்டியில் அத்தனை கையும் தூக்கியாகிவிட்டது. எனக்கே தெரியாமல் என் கையும்தான்.

“போடுங்க, போடுங்க” என்றபடி அண்ணாச்சி வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். “அதுக்கும் உரம் போட ஆளு வேணும்லா?”