பொரியின் தவம்

பொதிகை மலையடிவாரத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் ஆசிரமம் ஒன்று இருந்தது. அதன் குரு குமுதவல்லி அம்மையாருக்கு நாற்பத்தைந்து வயது. அவருடைய மூத்த சீடர் திருமலைக்கொழுந்துக்கு அறுபத்திரண்டு. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பள்ளிக்கூடத்தையே கைகட்டி உட்கார வைத்தவருக்குத் தன் மனத்தை மட்டும் ஐந்து நிமிஷம் உட்கார வைக்க முடியவில்லை. கண்ணை மூடினால் போதும், குரங்கு புகுந்த தோப்பு மாதிரி உள்ளே ஒரே ஆட்டம்.

“அம்மா, அசையாம இருக்கிறது எப்படி?” என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மையார் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம், அம்மையார் எட்டு நாள் வெளியூர் போகவேண்டி வந்தது. புறப்படும்போது தன் முயலைக் கொழுந்துவின் கையில் கொடுத்தார். அதற்குப் பொரி என்று பெயர். தாயில்லாக் குட்டியாக வந்ததைப் பாலாடையில் பால் புகட்டி வளர்த்தவர் அவர். அதைப் பிரிவதென்றால் அவருக்கே முகம் வாடும்.

“புல்லு போடுங்க. தண்ணி மாத்துங்க. கூண்ட தினமும் கழுவுங்க.”

“இவ்வளவுதானா அம்மா?”

“இவ்வளவுதான்.”

கொழுந்துவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குரு கொடுக்கிற வேலையில் ஏதாவது சூட்சுமம் இருக்கும் என்று எதிர்பார்க்கிற மனுஷர் அவர்.

இரண்டாம் நாள் வாடைக்காற்று அடித்தது. பாவம், குளிருமே என்று கூண்டைத் தியான மண்டபத்துக்குள் தூக்கி வந்தார். ஜன்னல்களைச் சாத்தினார். கூண்டின் மூன்று பக்கமும் சாக்குப் போட்டு மூடினார். ஈரம் ஆகாதென்று கழுவுவதையும் விட்டார். சாக்குக்குள் மூத்திர நெடி ஏறியது. அது கூண்டோடு அடைந்து நின்றதால் கொழுந்துவின் மூக்குக்கு எட்டவில்லை.

மூன்றாம் நாள் பொரி தும்மியது.

“ஐயா, முயலு தும்முது,” என்றாள் சமையல் பார்க்கும் செண்பகம்.

“ஆயுசு நூறு,” என்றார் கொழுந்து.

ஐந்தாம் நாள் காலையில் கூண்டைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பொரி ஒரு மூலையில் முன்னங்கால்களை ஊன்றி உட்கார்ந்திருந்தது. கழுத்தை நீட்டி முகத்தை மேலே தூக்கியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மூக்குத் துவாரங்கள் மட்டும் விரிந்து சுருங்கின. முந்தின நாள் போட்ட கீரை வாடிப்போய் அப்படியே கிடந்தது.

கொழுந்துவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆகாரம் இல்லை, அசைவு இல்லை, முகம் ஆகாயத்தில்! மூன்று வருஷமாகத் தான் கேட்ட கேள்விக்குத்தான் அம்மையார் இந்தப் பதிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தார். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

எதிரே போய் உட்கார்ந்தார். அதைப் போலவே அண்ணாந்தார். என்ன ஆச்சரியம், அன்றைக்கு அவர் மனம் ஒரு மணி நேரம் ஆடாமல் இருந்தது.

செண்பகம் வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஐயா, முன்னங்காலப் பாத்தியளா? உள்பக்கம் ரோமமெல்லாம் ஈரத்துல ஒட்டிக் கெடக்கு. மூக்கு ஒழுகி ஒழுகி, காலால தொடச்சிருக்கு.”

“மூக்கைப் பார் செண்பகம். சுத்தமா இருக்கு.”

“அதான் தொடச்சிருக்குங்கேன்!”

“சத்தம் போடாதே. அது தவத்துல இருக்கு.”

“முயலுக்கு என்னய்யா தவம்? டாக்டர்ட்ட கொண்டு போவோம்.”

“உனக்கு அடுப்படி தெரியும். இது வேற.”

செண்பகத்தின் முகம் சுண்டிப்போனது. அம்மையாரிடம் சொல்லலாமென்றால் அவர் செல்போன் வைத்துக்கொள்ளாதவர். ஆசிரமத்துப் பொறுப்பு முழுவதும் பெரியவர் கையில். அவள் போய்விட்டாள்.

ஆறாம் நாள் செய்தி பரவியது. பயிற்சிக்கு வருகிற பதினைந்து பேரும் கூண்டின் முன்னால் சம்மணம் போட்டார்கள். ஒருவர் மல்லிகைச் சரம் வாங்கிவந்தார். இன்னொருவர் சாம்பிராணி போட்டார். சாத்திய மண்டபத்துக்குள் புகை திரண்டு நின்றது. நாலைந்து பேர் இருமினார்கள். ஆனாலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“மூச்சைக் கவனிங்க. எவ்வளவு சின்னதா இருக்கு பாருங்க,” என்று கொழுந்து தணிந்த குரலில் விளக்கம் சொன்னார்.

ஏழாம் நாள் பகல் பதினோரு மணிக்குப் பொரி வாயைத் திறந்தது.

கூட்டம் சிலிர்த்தது.

“ஏதோ உபதேசம் வரப்போகுது,” என்றார் கொழுந்து. எல்லாரும் கைகூப்பினார்கள்.

அந்த நேரத்தில்தான் அம்மையார் ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கினார். வாசலில் நின்று ஒரு தடவை பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூட்டத்துக்கு நடுவே நடந்துவந்து சாம்பிராணிச் சட்டியை எடுத்து முற்றத்து மழையில் வீசினார். சாக்கைப் பிடுங்கி எறிந்தார். பொரியை நிமிர்த்தி நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார்.

“செண்பகம், ஆட்டோ!”

செண்பகம் ஓடினாள். கொழுந்து பதறி எழுந்து இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

“அம்மா, தொடாதீங்க! தவம் கலைஞ்சிடும்!”

அம்மையார் இடது கையில் முயலோடு வலது கையை நீட்டினார். கொழுந்துவின் மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிப் பொத்தினார்.

குருவின் கையைத் தட்டக்கூடாதென்று கொழுந்து பொறுத்தார். எவ்வளவு நேரம் பொறுப்பார்? சுவரில் சாய்ந்தார். கழுத்து நீண்டது. தாடை மேலே போயிற்று. கண் பாதி செருகியது.

அம்மையார் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“ஐயா தவத்துல இருக்காரு. எல்லாரும் கும்பிட்டுக்கோங்க.”

கூப்பிய கைகள் கூப்பியபடியே நின்றன.

அம்மையார் கையை எடுத்தார். கொழுந்து தரையில் விழுந்து, வாயைப் பிளந்துகொண்டு காற்றை இழுத்தார். இழுத்துக்கொண்டே அம்மையாரின் கையில் இருந்த முயலைப் பார்த்தார். அதுவும் வாயைப் பிளந்துதான் இழுத்துக்கொண்டிருந்தது. ஐயோ, இது தெரியாமலா மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எழுந்து ஆட்டோவின் பின்னால் ஓடினார்.

கால்நடை டாக்டர் முயலின் முகத்தில் சின்ன மூடியை வைத்துப் பிராணவாயு கொடுத்தார். ஊசி போட்டார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

“நுரையீரல் முழுக்கச் சளி. முயல் மூக்கால மட்டும்தான் மூச்சு விடும். வாயத் திறந்துட்டா முடியாத கட்டம். எத்தன நாளா சாப்பிடல?”

“மூணு நாளா,” என்றார் கொழுந்து.

“மூணு நாளும் யாரும் பாக்கலையா?”

“பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

டாக்டர் தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

முக்கால் மணி நேரம் பொரி போராடியது. ஒவ்வொரு மூச்சுக்கும் கொழுந்து தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்தது வந்தால்தான் விட்டார். ஒரு தடவை அடுத்தது வரவில்லை.

டாக்டர் மூடியை எடுத்தார்.

மருத்துவமனை வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அம்மையார் மடியில் துண்டைப் பரப்பிப் பொரியைக் கிடத்தியிருந்தார். முன்னங்கால்களில் காய்ந்து சடைபிடித்த ரோமத்தை விரலால் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டே இருந்தது. துடைக்கவில்லை. கொழுந்து பெஞ்சில் உட்காரக் கூசி, எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அம்மா.”

அம்மையார் நிமிரவில்லை.

“என்னை அடிச்சாலும் வாங்கிக்கறேன். செண்பகம் சொன்னா. நான்தான் கேக்கல. ஆனா நான் அதுக்குக் கெட்டது நினைக்கலம்மா. சத்தியமா நினைக்கல. அதத் தெய்வமாத்தான் பாத்தேன். மூணு நாளா அது முன்னாலயே உட்கார்ந்து மனசாரக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

அம்மையார் முயலின் கடைசி ரோமச் சிக்கையும் பிரித்தார். பிறகு சொன்னார்:

“மூணு நாளா அதுதான் ஐயா உங்களக் கும்பிட்டுக்கிட்டு இருந்துச்சு.”